ரஜூலா இல்லை, ரோணா

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி கிடக்கிறது. அப்பாயியுடையது. மூடியின் உள்பக்கம் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது. பாதிக்கு மேல் பூச்சி அரித்துவிட்டது. மிச்சம் இருப்பது மூன்றே ஆங்கில எழுத்துகள்: எச், என், ஏ. சின்ன வயதில் அதைப் பெட்டி செய்த கம்பெனியின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாயி பினாங்கு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 1930-க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் ஏழு வயதுப் பெண்ணாக அவளும் நாகப்பட்டினம் வந்து இறங்கினாள். கதை சொல்ல ஆரம்பித்தால் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "நாங்க வந்தது ரோணா கப்பல்ல." கேட்பவர்கள் உடனே, "ரஜூலாவா ஆச்சி?" என்பார்கள். எங்கள் ஊரில் கப்பல் என்றாலே ரஜூலாதான். "ரஜூலா இல்ல, ரோணா. அது வேற, இது வேற" என்று அவளும் விடாமல் திருத்துவாள். வயசாகிவிட்டது, பெயர் குழம்புகிறது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அவள் சொன்னது சரி. அது எனக்குத் தெரிய வந்தபோது அவள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நான் பத்தொன்பது வருஷம் கப்பலில் இருந்திருக்கிறேன், ஏபி என்ற டெக் மாலுமியாகத் தொடங்கி, டெக் ஆட்களின் தலைவனான போசன் வரை. என் சொந்தப் பாட்டியைச் சுமந்து வந்த கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை தேடிப் பார்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1926-இல் ஒரே மாதிரி இரண்டு கப்பல்கள் கட்டி வாங்கியது. ரஜூலா கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் தளத்தில் பிறந்தது. ரோணா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஹெப்பர்ன் என்ற ஊரில், ஹாதர்ன் லெஸ்லி கம்பெனியார் கட்டியது. ஆங்கிலத்தில் எழுதினால் 'ரோனா'தான் (ROHNA). அப்பாயி வாயில் அது ரோணா, எனக்கும் அப்படியே இருக்கட்டும். ஏறத்தாழ 8,600 டன், இரட்டை புரொப்பல்லர், நீராவி இன்ஜின். அந்தக் கம்பெனிக் கப்பல்களின் பெயர்கள் இப்படி 'ஆ'வில்தான் முடியும், பெரும்பாலும் நம் நாட்டு ஊர்ப் பெயர்கள். ரஜூலா குஜராத்தில் இருக்கும் ஒரு ஊர்.

இரண்டையும் கட்டியதே மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்துக்காகத்தான். டெக் பயணிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றலாம் என்று சான்று வாங்கிய கப்பல்கள். ஐயாயிரம் பேர் என்றால் என்ன என்று கப்பலில் வேலை பார்த்த எனக்கே கற்பனை செய்ய முடியவில்லை. கேபின் கிடையாது, படுக்கை கிடையாது. பாயை விரித்து, தலைமாட்டில் பெட்டியை வைத்து, அந்த ஆறடிக்குள் குடும்பமே கிடக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி ஆடு கத்திக்கொண்டிருந்ததாக அப்பாயி சொல்வாள். அவளுக்கு நினைவில் நின்றது ஒரு இரும்புத் தூண். அலை அதிகமானால் அவளுடைய அம்மா அவளை அந்தத் தூணோடு சேர்த்துப் புடவை முந்தானையால் கட்டிவிடுவாராம். "தூணு சூடா இருக்கும். உள்ள என்னமோ துடிக்கிற மாதிரி இருக்கும்" என்பாள். இன்ஜின் ஓடும் அதிர்வு அது. அந்தத் துடிப்பை நானும் பத்தொன்பது வருஷம் முதுகில் வாங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும், தோணியில்தான் இறங்க வேண்டும். அப்பாயியைத் தோணிக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினாராம். அவளுக்குப் பிறகு இந்தப் பெட்டி.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

1940-இல் ரோணாவைப் போர் வேலைக்கு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள், பீரங்கிகள் ஏற்றினார்கள். பெயருக்கு முன்னால் எச்.எம்.டி. என்ற மூன்று எழுத்து சேர்ந்தது, மன்னரின் துருப்புக் கப்பல் என்று அர்த்தம். போருக்கு வேலை செய்தாலும் கப்பலை ஓட்டியவர்கள் கடற்படைக்காரர்கள் இல்லை. அதே கம்பெனி ஆட்கள்தான்: மேலே பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஆபீசர்கள், கீழே இந்திய லஸ்கர்கள். நம் பக்கத்தில் கலாசி என்போமே, அவர்கள். டெக்கில், இன்ஜின் ரூமில், பாய்லரில், சமையலில் எல்லாம் அவர்கள்தான். டெக் ஆட்களுக்குத் தலைவர் சாரங்கு. இன்றைக்கு நான் பார்த்த போசன் வேலை அன்றைக்கு அவருடையது.

ஆரம்ப வருஷங்களில் அது சுமந்தது இந்தியப் பெருங்கடலில் அங்கும் இங்கும் போன படைகளை. கூலிகளாகப் போனவர்கள் படுத்த அதே டெக்கில் சிப்பாய்கள் படுத்தார்கள். பாய் போய் ஹேமக் என்ற தொங்குபடுக்கை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் அது கட்டப்பட்ட தடமே இல்லாமல் போனது. ரோணா மேற்கே போனது, மத்தியத் தரைக்கடலுக்கு.

1943 நவம்பர் 25. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகம். அமெரிக்கர்களுக்கு அன்று நன்றி சொல்லும் பண்டிகை. ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க வீரர்கள் ரோணாவில் ஏறினார்கள். சூயஸ் வழியாக அவர்கள் போக வேண்டிய ஊர் பம்பாய். அங்கிருந்து பர்மா, சீனப் போர்முனை வேலைகள். அவர்களில் பெரிய கூட்டம் 853-ஆவது விமானப்படைப் பொறியியல் பட்டாலியன், விமான ஓடுதளம் போடுகிறவர்கள். ரோடு ரோலர் ஓட்டுகிறவனும், கான்கிரீட் கலக்குகிறவனும், தச்சனும் சேர்ந்த கூட்டம். நம் நாட்டில் வந்து ஓடுதளம் போடத்தான் கிளம்பினார்கள். கே.எம்.எஃப். 26 என்ற கான்வாயில், அதாவது காவலோடு சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தில், ரோணா சேர்ந்துகொண்டது. பிரிட்டனிலிருந்து மத்தியத் தரைக்கடலுக்குப் போகும் வேகக் கான்வாய்களுக்கு அந்தப் பெயர்.

மறுநாள், 26-ஆம் தேதி, அல்ஜீரியக் கரையை ஒட்டிக் கிழக்கே போகும்போது சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் வந்தன. சண்டை ரொம்ப நேரம் நடந்தது. குண்டுகள் கடலில் விழுந்துகொண்டிருந்தன. பெரிய சேதம் இல்லாமல் கான்வாய் தப்பித்துவிடும் என்ற நேரத்தில், ஒரு ஹைன்கெல் 177 விமானத்திலிருந்து ஒன்று கழன்றது. ஹென்ஷெல் 293. சிறகு வைத்த குண்டு, அடியில் ராக்கெட். கீழே விழாமல் பறந்து வரும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் சின்னக் கம்பி ஒன்றைத் திருப்பித் திருப்பி ரேடியோ வழியாக அதை ஓட்டுவான். எங்கே போகிறது என்று அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குண்டின் வாலில் ஒரு வெளிச்சம் எரியும். கப்பலில் இருந்தவர்களும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். விமானம் ஒன்று தீப்பிடித்து விழுகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. அது திரும்பியது. நேராக வந்தது.

இடது பக்கம், இன்ஜின் ரூமில் அடித்தது. மறுபக்கத் தகட்டையும் பிய்த்துக்கொண்டு போனது. மின்சாரம் போயிற்று, பம்பு நின்றது, தீ எழுந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் பின்பக்கமாகக் கடலுக்குள் போய்விட்டது.

கப்பல் ஆள் என்ற முறையில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் படகுகள்தான். ரோணாவில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. குண்டிலேயே சில நொறுங்கின. தண்ணீரில் இறங்கியவை எட்டுதான். அவற்றிலும் பல, கூட்டம் தாங்காமல் கவிழ்ந்தன அல்லது தண்ணீர் புகுந்து மூழ்கின. உயிர் தப்பிய வீரர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: படகைத் தொங்கவிட்டு இறக்கும் டேவிட் என்ற இரும்புக் கை துருப்பிடித்திருந்தது, கயிறு இற்றுப்போயிருந்தது, படகு அசையவில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய சரக்குக் கப்பலில் புதிதாகப் போய்ச் சேர்ந்திருந்தேன். முதல் வாரம் போட் டிரில், உயிர்காப்புப் படகை இறக்கிப் பழகும் பயிற்சி. துறைமுகத்துக்கு உள்ளே, குளம் மாதிரித் தண்ணீர், காலை பத்து மணி வெயில். பிரேக்கைத் தூக்கினோம். முன்பக்கம் ஒரு அடி இறங்கியது, பின்பக்கம் அப்படியே நின்றது. படகு மூக்கைக் கீழே குத்திக்கொண்டு தொங்கியது. உள்ளே இரண்டு பையன்கள். ஏறிப் பார்த்தால், பின்பக்க பிளாக்கில் கப்பி சுற்றவே இல்லை. அதன் மேல் பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக ஏழெட்டுப் பூச்சு. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்த இடமே தெரியவில்லை. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. நான் சுத்தியலும் டீசலும் எடுத்துக்கொண்டு தட்டத் தொடங்கினேன். பெயிண்ட் ஓடு ஓடாக உரிந்தது, வெள்ளை, ஆரஞ்சு, மறுபடி வெள்ளை, அடியில் செங்காவித் துரு. கப்பி அசைய நாற்பது நிமிஷம் ஆனது.

நாற்பது நிமிஷம். காலை வெயிலில், அசையாத தண்ணீரில், யாரும் சுடாத இடத்தில்.

ரோணாவில் அந்த நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து அடிக்கு மேல் அலை. பக்கத்தில் தீ. படகைத் தொட்டே பார்த்திராத இரண்டாயிரம் பேர். அவர்களுக்குக் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டி ஊதிக்கொள்ளும் பெல்ட். அதைக் கையிடுக்கு வரை ஏற்றிக் கட்டாமல் இடுப்பிலேயே வைத்துக் குதித்தவர்களைப் பெல்ட்டே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. ஏற்றிக் கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பயோனியர் என்ற, கடல் கண்ணிவெடிகளை அகற்றும் அமெரிக்கக் கப்பல் நின்று, இருட்டில், அந்த அலையில் 606 பேரைத் தூக்கியது. சின்னக் கப்பல் அது. பக்கச் சுவர் தாழ்வாக இருந்ததால் ஆளைக் கையால் எட்டிப் பிடிக்க முடிந்தது. கிளான் கேம்பெல் என்ற சரக்குக் கப்பலும் உதவிக்கு நின்றது. ஆனால் அதன் பக்கங்கள் உயரம். வலையைப் பிடித்து ஏற வேண்டும். மணிக்கணக்கில் குளிர்ந்த தண்ணீரில் கிடந்த கைக்கு வலை பிடிக்க வலு இருக்காது. கப்பல் பக்கவாட்டில் தொங்கும் பைலட் ஏணியில் ஏறும்போது கை விறைத்துப்போன ஒரு ஆளை நான் பின்னாலிருந்து தாங்கியிருக்கிறேன், அதுவும் கையுறை போட்டவர். ஆதர்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் டிஸ்ட்ராயர் போர்க்கப்பலும், மைண்ட்ஃபுல் என்ற இழுவைக் கப்பலும் இன்னும் பலரை மீட்டன.

மொத்தம் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் அமெரிக்கர்கள் 1,015 பேர். 853-ஆவது பட்டாலியனில் மட்டும் ஏறத்தாழ 500 பேர். எதிரி தாக்கி ஒரே கப்பலில் அத்தனை அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் கடலில் செத்தது அந்தப் போரில் வேறு எங்கும் இல்லை.

அப்புறம் அதை மூடி வைத்தார்கள். ரேடியோவில் ஓட்டும் குண்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஜெர்மனிக்குத் தெரியக்கூடாது என்பது காரணம். வீட்டுக்குத் தந்தி போனது, கப்பலின் பெயர் போகவில்லை. பிள்ளை எந்தக் கடலில், எந்தக் கப்பலில் போனான் என்று தெரியாமலேயே வயதாகி இறந்த தாய்மார்கள் நிறைய. 1990-களில்தான் தப்பியவர்களும் பிள்ளைகளும் ஒன்றுகூடிப் பேச ஆரம்பித்தார்கள். 1996-இல் அலபாமாவில், ஃபோர்ட் மிட்செல் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2000-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அந்தக் குடும்பங்கள் அதற்காகப் பட்ட பாட்டுக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் அவர்கள் எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. கப்பலின் இந்திய ஆட்கள் முதல் படகுகளில் ஏறித் தப்பித்தார்கள், வீரர்களை விட்டுவிட்டார்கள் என்று. கண்ணால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தில் ஓடியவர்கள் இருந்திருப்பார்கள். எந்தக் கப்பலிலும் இருப்பார்கள். ஆனால் லஸ்கர்களிலும் நூறு பேர் அளவுக்குச் செத்தார்களே. குண்டு அடித்தது இன்ஜின் ரூமில். அங்கே வாட்ச்சில் நின்றவன் மேலே வர ஏணி கூட மிஞ்சியிருக்காது. படகுக்கு என்ன கிரீஸ், எத்தனை நாளைக்கு ஒரு முறை கயிறு மாற்றம், இத்தனை பேருக்கு இத்தனை படகு போதுமா என்பதெல்லாம் கலாசி முடிவு செய்கிற விஷயமும் இல்லை. சாரங்கு கேட்டிருக்கலாம். கேட்டதை எழுதிக்கொள்ள ஆள் இருந்திருக்க வேண்டும். போசனாக இருந்தவன் சொல்கிறேன், புதுக் கயிறு கேட்டு எழுதிய சீட்டு திரும்பி வராத மாதங்கள் என்னிடமும் உண்டு.

அந்த லஸ்கர்களின் பெயர் தேடினேன். அமெரிக்க வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன, ஊரோடு, வயதோடு, சிலருக்குப் புகைப்படத்தோடு. நம் ஆட்கள் ஒரு எண்ணாக நிற்கிறார்கள். லண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குப் பெரிய நினைவிடம் உண்டு, பெயர்களைக் கப்பல்வாரியாக வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்திய மாலுமிகளுக்கு நினைவிடம் மும்பையிலும் சிட்டகாங்கிலும். கடலில் போன இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் ஆட்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. மும்பையில் அது மஸ்ஜித் பந்தர் பக்கத்து மாலுமிகள் இல்லத்தில். அந்தக் கட்டடத்தின் வாசல் வழியாக நான் எத்தனை தடவை நடந்திருக்கிறேன்! கப்பல் ஏறப் போகும்போதும், இறங்கி வரும்போதும், மெடிக்கலுக்கு அலையும்போதும். ஒரு தடவை கூட உள்ளே போய்ப் புத்தகத்தைக் கேட்டதில்லை.

ரஜூலாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதுவும் துருப்புக் கப்பலாகப் போய், போர் முடிந்ததும் பிழைத்துத் திரும்பி, மறுபடி மதராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. எங்கள் ஊரில் கல்யாணமாகி மலேயா போனவர்கள், செத்த செய்தி கேட்டு வந்தவர்கள், ரேடியோப் பெட்டியும் கோடாலித் தைலமும் கொண்டு வந்தவர்கள் எல்லாருக்கும் ரஜூலா ஒரு உறவுக்காரி மாதிரி. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது, மறு வருஷம் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். உடைக்கிற செய்தி கேட்டு எங்கள் தெருவில் அழுதவர்கள் உண்டு என்று அப்பா சொல்வார். அந்தச் சமயம் அப்பாயி, "இது போச்சு. இதோட கூடப்பொறந்தது எங்க போச்சோ, யாரும் சொல்லலையே" என்றாளாம். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கே அதை இப்போதுதான் சொன்னார்.

கப்பல் எங்கே போனது என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. முப்பது வருஷமாக அது அல்ஜீரியக் கரைக்கு வெளியே கடலடியில் கிடந்தது. அவளை முந்தானையால் கட்டிவைத்த அந்தத் தூணும் அதோடு போயிருக்க வேண்டும்.

போன வாரம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். சீட்டை மொபைலில் பல வெளிச்சத்தில் படம் எடுத்துப் பார்த்தேன். எச்-க்கு முன்னால் வட்டமாக ஒரு மை ஓரம் தெரிகிறது. ஓ-வாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் இருந்த எழுத்து பூச்சி வயிற்றுக்குள் போய்விட்டது. சீட்டின் மேல் கண்ணாடித்தாள் வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் சர்டிபிகேட் புதுப்பிக்க மும்பை போக வேண்டும். மாலுமிகள் இல்லத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்கப் போகிறேன். ரோணா என்று எழுதியிருக்கும் பெயர்களையெல்லாம் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வருவேன். அதை வைக்க அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது.